கப்பல் பலகையின் கீழே: 1719, லண்டன் அச்சுலகில் ஓர் ஆண்டு

லண்டனில் 1719ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதிதான் பிறந்தது. இங்கிலாந்தின் சட்டம் அப்போது ஆண்டை அப்படித்தான் எண்ணியது. ஜனவரி முதல் தேதி அங்கே சட்டப்படிப் புத்தாண்டானது 1752இல். ஆண்டு பிறந்து சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 25 அன்று, செயின்ட் பால் பேராலயத்தை ஒட்டிய பேட்டர்னாஸ்டர் ரோ என்ற ஒடுக்கமான தெருவில் ஒரு புதுப் புத்தகம் விற்பனைக்கு வந்தது. கடைக்காரர் பெயர் வில்லியம் டெய்லர். கதவிலக்கம் இல்லாத காலம் என்பதால் கடைக்குக் கடை ஒரு படப்பலகை தொங்கும். டெய்லரின் பலகையில் கப்பல். புத்தகம் ‘ராபின்சன் குரூசோ’.

பள்ளிப் பாடத்தில் சுருக்கமாகவேனும் குரூசோவைச் சந்திக்காதவர்கள் இந்த அவையில் குறைவாகவே இருப்பார்கள். அடிமை பிடிக்கப் புறப்பட்ட கப்பல் உடைந்து தனித்தீவில் ஒதுங்கியவன், ஆட்டுத்தோல் உடுத்தியவன், மணலில் ஒற்றைக் காலடித் தடத்தைக் கண்டு நடுங்கியவன். (முதல் விவரத்தைப் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடும்.) ஆங்கில நாவலின் தலைப்பிள்ளை என்று அந்தப் புத்தகத்தைச் சொல்வது வழக்கம். அந்தப் பட்டத்துக்குப் போட்டி உண்டு. 1688இலேயே ஆஃப்ரா பென் ‘ஓரூனோக்கோ’வை வெளியிட்டுவிட்டார். இந்த உரைக்கு அந்த வழக்கு வேண்டாம். 1719 யாருடைய ஆண்டு என்பதே இங்கே கேள்வி. எழுதியவருடையதா, விற்றவருடையதா, அச்சடித்தவருடையதா? பதிவேடுகளும் நீதிமன்ற ஆவணங்களும் தரும் பதில் இலக்கிய வரலாறுகள் தரும் பதிலோடு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை.

முதல் பதிப்பின் தலைப்புப் பக்கத்தையே முதல் சாட்சியாக அழைக்கலாம். மேலிருந்து கீழ்வரை நெருக்கி அடித்த எழுத்து. யார்க் நகரத்து மாலுமி, அமெரிக்கக் கரைக்கு அப்பால் ஒரினோகோ ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே ஆளில்லாத தீவில் 28 ஆண்டுகள் தனியே வாழ்ந்தது, கப்பலில் இருந்த மற்றவர் எல்லாரும் மடிந்தது, கடைசியில் கடற்கொள்ளையரால் அவன் விசித்திரமாக மீண்டது என்று கதை முழுவதும் தலைப்பிலேயே வந்துவிடுகிறது. அன்றைக்கு அதுதான் விளம்பரம். தலைப்புப் பக்கத்தை மட்டும் கூடுதலாக அடித்து நகரத்துத் தூண்களில் ஒட்டுவார்கள். நின்று படிப்பவன் காசை எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் செப்புத்தகட்டுப் படம்: தாடி வளர்த்த ஒரு மனிதன், தோலாடை, தோளுக்கு ஒன்றாக இரண்டு துப்பாக்கி, இடுப்பில் வாள், பின்னால் கடல். எழுதியவர் யார் என்று பார்த்தால், குரூசோ தானே எழுதியது என்று இருக்கிறது. டேனியல் டீஃபோ என்ற பெயர் எங்கும் இல்லை. டெய்லர் பெயர் இருக்கிறது, தெரு இருக்கிறது, கப்பல் பலகை இருக்கிறது, ரோமன் எண்ணில் ஆண்டும் இருக்கிறது.

பெயரை மறைப்பது டீஃபோவுக்குப் புதிதல்ல. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 59. மெழுகுவத்தி வணிகர் ஜேம்ஸ் ஃபோவின் மகன். தந்தையின் பெயருக்கு முன்னால் ‘டி’ சேர்த்து ஒரு மிடுக்கு ஏற்றிக்கொண்டவர். காலுறை வணிகம் செய்தார், இன்னும் என்னென்னவோ செய்தார், 1692இல் 17,000 பவுன் கடனோடு திவாலானார். டில்பரியில் செங்கல் சூளை வைத்தார். 1703இல் ஒரு அங்கதத் துண்டுநூலுக்காக மூன்று நாள் நடுச்சந்தியில் கழுத்துக்கட்டையில் நிறுத்தப்பட்டார். நியூகேட் சிறையிலும் கிடந்தார். பிறகு அமைச்சர் ராபர்ட் ஹார்லியின் ரகசிய ஆளாக ஊர் ஊராகத் திரிந்து தகவல் சேர்த்தார். 1704 முதல் 1713 வரை ‘ரிவ்யூ’ என்ற இதழைத் தாமே எழுதி நடத்தினார். குரூசோ வந்த காலத்தில் அவருடைய வேலை இன்னும் வேடிக்கையானது. நதானியேல் மிஸ்ட் நடத்திய எதிர்த்தரப்பு வார இதழில் உள்ளே உட்கார்ந்துகொண்டு, அரசாங்கத்துக்காக அதன் காரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார். இப்படிப் பிழைப்பவர் பெயர் போட்டு எழுதினால்தான் ஆச்சரியம்.

புத்தகத்தின் விலை ஐந்து ஷில்லிங். லண்டன் கூலித் தொழிலாளி ஒருவர் வாரம் முழுதும் உழைத்தால் பத்து ஷில்லிங்கை ஒட்டிக் கிடைக்கும். அரை வாரக் கூலி ஒரு கதைப் புத்தகத்துக்கு! வாங்கியவர்கள் கடைக்காரர்கள், வணிகர்கள், வழக்கறிஞர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். ஆனாலும் மே மாதத்திலேயே இரண்டாம் பதிப்பு, ஜூனில் மூன்றாவது, ஆகஸ்டில் நான்காவது என்று வந்துகொண்டே இருந்தது.

இந்த வேகத்தின் பின்னால் இருந்த உழைப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். புத்தகம் 364 பக்கம். முன்பக்கங்களையும் சேர்த்தால் 368. ஒரு தாளில் 16 பக்கம் என்று 23 ஃபாரம். அச்சுக்கூடத்தில் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. பதிப்புக்கு ஆயிரம் படி என்று வைத்துக்கொண்டால், 23 ஃபாரத்துக்கு இரு பக்கமும் சேர்த்து 46,000 தடவை தாளை வைத்து எடுக்க வேண்டும். மரத்தாலான கைப்பொறி, ஒருவர் தோலுருண்டையால் எழுத்தின்மேல் மை ஒற்றுவார், மற்றவர் தாளை வைத்து இரும்புக் கைப்பிடியை இழுப்பார். இருவர் சேர்ந்து மணிக்கு 250 தாள் என்பது தொழில்முறைக் கணக்கு. அந்த வேகத்தைப் பொழுதெல்லாம் காப்பாற்றியவர்கள் குறைவு. ஒரே பொறியில் ஓட்டினால் 184 மணி நேரம், அதாவது நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலையில் பதினைந்து நாளுக்கு மேல். அதற்கு முன்னால் கம்பாசிட்டர் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோத்திருக்க வேண்டும். ஈய எழுத்து விலை கூடியது. ஒரு ஃபாரம் அடித்து முடிந்ததும் கலைத்து அடுத்ததற்கு எடுத்துக்கொள்வார்கள். ஆகவே மறுபதிப்பு என்றால் முதலிலிருந்து மறுபடி கோக்க வேண்டும். டெய்லர் அவசரத்துக்கு வேலையைப் பங்கிட்டுப் பல அச்சுக்கூடங்களுக்குக் கொடுத்தார். அவற்றில் ஒன்று வில்லியம் பவ்யருடையது. அவருடைய கணக்குப் பேரேடுகள் தப்பிப் பிழைத்ததால்தான் இதெல்லாம் இன்றைக்குத் தெரிகிறது.

சட்டம் யார் பக்கம் இருந்தது? 1695இல் முன்தணிக்கைச் சட்டம் காலாவதியாகி யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்ற நிலை வந்தது. அதோடு லண்டன் பதிப்பாளர்களின் ஏகபோகமும் ஆட்டம் கண்டது. அவர்கள் நாடாளுமன்றத்தை நச்சரித்து வாங்கியதுதான் 1710 ஏப்ரல் 10 அன்று நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம். உலகின் முதல் பதிப்புரிமைச் சட்டம் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். புதுப் புத்தகத்துக்கு 14 ஆண்டு உரிமை. அது முடியும்போது ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14. உரிமை முதலில் ஆசிரியருக்கே என்று சட்டம் சொன்னது. ஆனால் ஆசிரியர் அந்த உரிமையை விற்கலாம் என்றும் சொன்னது. நம்மூர்ப் பதிப்புலகில் ‘அவுட்ரைட்’ என்று சொல்வோமே, அதுதான். பதிப்பாளர் கையில் ரொக்கம், எழுத்தாளர் வாசலில் கடன்காரர். பேரம் எப்படி முடியும் என்று விளக்க வேண்டியதில்லை. குரூசோ வெளிவருவதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 23 அன்று, நூல் வணிகர் சங்கத்தின் பதிவேட்டில் புத்தகம் பதிவானது. உரிமையாளர் பெயர் வில்லியம் டெய்லர்.

அந்தச் சொத்து பிறகு எங்கே போயிற்று என்பது இன்னும் சுவையானது. டெய்லர் 1724இல் இறந்தார். கப்பல் பலகைக் கடையையும், அதை ஒட்டி அவர் வைத்திருந்த கருப்பு அன்னப் பலகைக் கடையையும், சரக்கையும், உரிமைப் பங்குகளையும் சேர்த்து 2,282 பவுன் 9 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்து வாங்கிய இளைஞர் தாமஸ் லாங்மன். லாங்மன் கம்பெனி தொடங்கியது அங்கேதான். அதன் புத்தகங்களில் நெடுங்காலம் மிதந்த கப்பல் சின்னம் டெய்லரின் பலகையில் இருந்து வந்தது. நம் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய ஓரியண்ட் லாங்மன், பின்னாளில் ஓரியண்ட் பிளாக்ஸ்வான் என்று பெயர் மாற்றிக்கொண்டபோது எடுத்தது பக்கத்துப் பலகையை. டீஃபோவோ 1731 ஏப்ரலில், கடன்காரர்களுக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த ரோப்மேக்கர் சந்து வாடகை அறையில் உயிர்விட்டார்.

உரிமை வாங்கிய டெய்லருக்கும் நிம்மதி இல்லை. ஆகஸ்டில் இரண்டு ஷில்லிங் விலையில் ஒரு சுருக்கப் பதிப்பு சந்தைக்கு வந்தது. வெளியிட்டவர் ஆம்ஸ்டர்டாம் காப்பிக் கடையில் இருந்த டி. காக்ஸ். வழக்குப் போடுவேன் என்று டெய்லர் மிரட்ட, உம்முடைய தொழில் ரகசியங்களை அவிழ்த்துவிடுவேன் என்று காக்ஸ் பத்திரிகையில் பதிலுக்கு மிரட்டினார். முழுப் புத்தகத்தை அப்படியே அடித்தால் திருட்டு, சுருக்கி அடித்தால்? சட்டம் வாய் திறக்கவில்லை. ஆகஸ்ட் 20 அன்று வந்த குரூசோவின் இரண்டாம் பாகத்து முன்னுரையில், சுருக்கி விற்பவனுக்கும் வழிப்பறிக் கொள்ளைக்காரனுக்கும் வேறுபாடு இல்லை என்ற தோரணையில் டீஃபோ பொரிந்து தள்ளுகிறார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் ஐந்து ஷில்லிங் கொடுக்க முடியாத வாசகனிடம் குரூசோ போய்ச் சேர்ந்தது இந்த வழிப்பறிக்காரர்களால்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அக்டோபர் 7 முதல் ‘ஒரிஜினல் லண்டன் போஸ்ட்’ என்ற செய்தித்தாள் குரூசோவைத் தொடராகவே வெளியிடத் தொடங்கியது. வாரம் மூன்று இதழ். நாவல் ஒன்று பத்திரிகையில் தொடராக வந்ததற்கு மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. காரணம் இலக்கிய ஆர்வம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 1712இல் வந்த முத்திரைத்தாள் வரிப்படி, ஒரு தாளுக்கு உட்பட்ட செய்தித்தாளுக்குப் படிக்குப் படி வரி. ஒரு தாளைத் தாண்டிவிட்டால் அது துண்டுநூல் கணக்கு. எத்தனை படி அடித்தாலும் தாளுக்கு இரண்டு ஷில்லிங் மட்டும். ஒன்றரைத் தாளில் ஆறு பக்கம் அடித்து வரியிலிருந்து நழுவினார்கள் பத்திரிகைக்காரர்கள். ஆறு பக்கத்தை நிரப்பச் செய்தி ஏது? குரூசோவைப் போட்டு நிரப்பினார்கள். 1725இல் அரசாங்கம் அந்த ஓட்டையை அடைத்தது. தொடர்கதை என்ற வடிவத்தின் பிறப்பில் வரி ஏய்ப்புக்கு ஒரு பங்கு உண்டு என்பதைத் தொடர்கதையிலேயே வளர்ந்த நம் வாரப் பத்திரிகை வாசகர்கள் ரசிப்பார்கள்.

ஆசிரியர் யார் என்பதை ஊர் அறிந்தே வைத்திருந்தது. செப்டம்பர் இறுதியில் சார்லஸ் கில்டன் ஒரு கண்டன நூலை வெளியிட்டார். அதன் தலைப்பே, குரூசோ தலைப்பைப் பகடி செய்து, லண்டன் காலுறை வியாபாரியான திருவாளர் டி. டீஃபோவின் விசித்திர வாழ்க்கை என்ற பொருளில் இருந்தது. உள்ளே குரூசோவும் அவன் பணியாள் ஃப்ரைடேயும் நள்ளிரவில் தங்களைப் படைத்தவரை வழிமறித்து, எங்களை ஏன் இப்படிக் கோமாளியாக்கினாய் என்று கேட்டு, அவருடைய புத்தகத்தையே அவர் வாயில் திணிக்கிறார்கள். கில்டன் பிடித்த பிழைகளில் ஒன்று இன்றுவரை பிரபலம்: உடையைக் கழற்றிவிட்டு உடைந்த கப்பலுக்கு நீந்திப் போன குரூசோ, அங்கே பை நிறைய ரொட்டியை அள்ளிக்கொள்கிறான், பை எங்கிருந்து வந்தது? கிழவிகள்கூடக் காசு சேர்த்து வாங்கி வைக்கிறார்கள் என்று வேறு புலம்புகிறார். திட்டுவதற்காக எழுதிய அந்த வரிதான் குரூசோவின் விற்பனைக்குச் சமகாலத்தவர் தந்த நல்ல சாட்சியமாக இன்று நிற்கிறது. கில்டன் அப்போது பார்வை இழந்தவர், வறியவர். அவரும் கூலிக்கு எழுதியே காலம் தள்ளியவர்.

அதே ஆண்டின் முத்திரையோடு வேறொரு புத்தகமும் வந்தது. எலைசா ஹேவுட் எழுதிய ‘லவ் இன் எக்ஸஸ்’. 1719–20இல் மூன்று பாகங்களாக வில்லியம் செட்வுட் வெளியிட்டது. ஹேவுட் டப்ளின் மேடையில் நடித்தவர். அவருக்கு இது முதல் நாவல். மிதமிஞ்சிய காதல், ஆள்மாறாட்டம், மயக்கம், கண்ணீர் எல்லாம் உண்டு. பெண்ணின் விருப்பத்தைப் பெண்ணின் பக்கம் நின்று சொல்லும் துணிவும் உண்டு. பதிப்புமேல் பதிப்பாக ஓடியது. ஆனால் நாவலின் பிறப்பைப் பேசும் வகுப்பறைகளில் நெடுங்காலம் அவர் பெயர் வரவில்லை. அலெக்சாண்டர் போப் 1728இல் ‘டன்சியட்’ எழுதியபோது, புத்தகக் கடைக்காரர்கள் போட்டி போட்டு வெல்லும் பரிசுப் பொருளாக அவரை நிறுத்திக் கேவலப்படுத்தினார். ஒரு ஆண்டைத் தனியாக எடுத்துப் படிப்பதில் ஒரு நன்மை இதுதான்: பின்னாளில் தள்ளிவைக்கப்பட்டவர்கள் அங்கே இன்னும் கடைமுகப்பிலேயே இருக்கிறார்கள்.

போப் பிழைக்கத் தெரிந்தவர். ‘இலியட்’ மொழிபெயர்ப்பை ஆறு தொகுதிகளாக, தொகுதிக்கு ஒரு கினி என்று முன்வெளியீட்டுத் திட்டத்தில் அறிவித்தார். சந்தாதாரர் பட்டியலில் பிரபுக்கள் வரிசை கட்டினார்கள். பதிப்பாளர் லிண்டாட்டிடம் தொகுதிக்கு 200 கினியும், சந்தாதாரர்களுக்கான படிகளை இலவசமாகவும் வாங்கிக்கொண்டார். மொத்தத்தில் 5,000 பவுனுக்கு மேல் அவர் கைக்கு வந்தது. கத்தோலிக்கர் என்பதால் பல்கலைக்கழகமும் பதவியும் மறுக்கப்பட்டவர், 1719இல் தேம்ஸ் கரையில் ட்விக்கன்ஹாமில் வீடு பிடித்துக் குடியேறினார். எழுத்தாளர் எழுத்தால் வாழ முடியும் என்பதற்கு அந்த வீடு சாட்சி. அதற்குக் கிரேக்கக் காவியமும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களும் தேவைப்பட்டார்கள் என்பதும் உண்மை.

ஆண்டின் மற்ற சேதிகளை விரைவாகச் சொல்லலாம். ஐசக் வாட்ஸ் சங்கீதங்களைத் தழுவி எழுதிய பாடல் தொகுதி அந்த ஆண்டு வந்தது. இன்று உலகெங்கும் கிறிஸ்துமஸுக்குப் பாடும் ‘ஜாய் டு த வேர்ல்ட்’ அதில் இருக்கிறது. ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் இணைபிரியாதிருந்த அடிசனும் ஸ்டீலும் பிரபுக்கள் அவை பற்றிய ஒரு மசோதாவை ஒட்டி ஆளுக்கொரு துண்டிதழ் நடத்தி மோதிக்கொண்டார்கள். சமாதானம் ஆகாமலேயே ஜூன் 17 அன்று அடிசன் 47 வயதில் இறந்தார். கடலுக்கு அப்பால், டிசம்பர் 21 அன்று ‘பாஸ்டன் கெசட்’டும் மறுநாள் ஃபிலடெல்ஃபியாவில் ‘அமெரிக்கன் வீக்லி மெர்க்குரி’யும் தொடங்கின. பாஸ்டன் பத்திரிகையை அச்சடித்தவர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின். அவர் கூடத்தில் வேலை பழகிக்கொண்டிருந்த 13 வயதுத் தம்பியின் பெயர் பெஞ்சமின்.

இனி ஜான் மேத்யூஸ். வயது 18 அல்லது 19. லண்டன் அச்சுக்காரர் குடும்பத்துப் பையன். அந்த ஆண்டு ஜூன் 10 அன்று ஸ்காட்லாந்தின் கிளென்ஷீலில், நாடு கடத்தப்பட்ட ஸ்டூவர்ட் வம்சத்துக்காகக் கிளர்ந்த படை, ஸ்பெயினின் சிறு உதவியோடு நின்று, தோற்றுச் சிதறியது. அரசாங்கம் மிரண்டிருந்த நேரம். அரியணை ஸ்டூவர்ட் இளவரசருக்கே உரியது, மக்கள் குரலும் அதுவே என்று வாதிட்ட ‘வாக்ஸ் பாப்புலி வாக்ஸ் டெய்’ என்ற துண்டுநூலை மேத்யூஸ் அடித்துக்கொடுத்தார். அவரோடு வேலை செய்தவர்களே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். எழுதியவர் யார் என்பது வெளிவரவில்லை. 1707ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாரிசுரிமையை மறுத்து எழுதுவதும் அச்சடிப்பதும் ராஜத்துரோகம். ஓல்டு பெய்லியில் அக்டோபரில் விசாரணை. நவம்பர் 6 அன்று டைபர்ன் தூக்குமேடையில் மேத்யூஸ் தூக்கிலிடப்பட்டார். 1693இல் வில்லியம் ஆண்டர்டன் என்ற அச்சுக்காரர் இதே போலத் தூக்குக்குப் போனார். மேத்யூஸுக்குப் பிறகு அச்சடித்ததற்காக இங்கிலாந்தில் யாரும் தூக்கிலிடப்படவில்லை.

தணிக்கை ஒழிந்து 24 ஆண்டு ஆகியிருந்தது என்பதை மறக்க வேண்டாம். அச்சுச் சுதந்திரத்தின் தாயகம் என்று பிரெஞ்சுக்காரர்கள் வியந்த நாடு அது. முன்கூட்டி யாரும் அனுமதி கேட்கத் தேவையில்லை. அச்சடித்த பிறகு கழுத்துக்கு உத்தரவாதமும் இல்லை. பெயரில்லாத எழுத்தாளர் தப்பிக்கொள்வார். பதிப்பாளர் பெயரைப் போடாமல் விடுவார். பொறியும் எழுத்தும் மைக்கறையும் இருக்கும் இடம் அச்சுக்கூடம், அதனால் கையும் களவுமாக அகப்படுபவர் அச்சுக்காரர். குரூசோவின் தலைப்புப் பக்கத்தையும் மேத்யூஸின் வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காதவர்கள் 1719ஐப் பாதிதான் படித்தவர்கள்.

குரூசோவுக்கு மாதிரி என்று எல்லாரும் சொல்வது ஸ்காட்லாந்து மாலுமி அலெக்சாண்டர் செல்கிர்க்கை. பசிபிக் கடலில் உவான் ஃபெர்னாண்டஸ் தீவில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியே இருந்து 1709 பிப்ரவரியில் மீட்கப்பட்டவர். ஸ்டீல் 1713இல் அவரைப் பற்றி எழுதியும் இருக்கிறார். ஆனால் 28 ஆண்டுக் கதைக்கு நான்கு ஆண்டு போதாது என்று நினைக்கும் ஆய்வாளர்கள் வேறொருவரையும் காட்டுகிறார்கள். ராபர்ட் நாக்ஸ். 1660இல் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரத்தில் தந்தையோடும் கப்பல் ஆட்களோடும் கண்டி அரசரின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டு மலைநாட்டில் சிறையிருந்தவர். சிறை என்றால் கம்பிக்கூண்டு இல்லை. ஊருக்குள் வாழலாம், வெளியேற முடியாது. தொப்பி பின்னி விற்றும், நெல் கடன் கொடுத்தும் பிழைத்தார். அந்நிய மண்ணில் எதிர்பாராமல் ஓர் ஆங்கிலப் பைபிள் கண்ணில் பட்டபோது, அதற்கு விலையாகக் கொடுத்ததும் பின்னிய தொப்பி ஒன்றைத்தான். 1679இல் ஒரு தோழரோடு அனுராதபுரம் வழியாக, அருவி ஆற்றங்கரைக் காட்டையும் வன்னியையும் கடந்து, மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டைக்குத் தப்பி வந்தார். 1681இல் லண்டனில் அவர் நூல் வெளிவந்தது. டீஃபோ அதைப் படித்திருந்தார் என்பதில் ஐயமில்லை. 1720 ஜூனில் வந்த தம் ‘கேப்டன் சிங்கிள்டன்’ நாவலில் நாக்ஸின் கதையைச் சுருக்கியே சேர்த்திருக்கிறார். சுருக்கி விற்பவர்களை வழிப்பறிக்காரர் என்றவர் பத்து மாதத்துக்குள் செய்த வேலை! குரூசோ வெளியானபோது நாக்ஸ் 78 வயதில் உயிரோடு இருந்தார். தம் நூலின் விரிவான மறுபதிப்புக்காகக் குறிப்புகள் எழுதிச் சேர்த்து வைத்திருந்தார். அதை எந்தப் பதிப்பாளரும் போடவில்லை. 1720 ஜூனில் அவர் காலமானார். சிங்கிள்டன் வந்ததும் அதே மாதம்தான்.

தமிழுக்கும் அந்த ஆண்டு ஒரு கணக்கு உண்டு. 1719 பிப்ரவரி 23 அன்று தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு 36 வயதில் இறந்தார். லண்டன் சட்டக் கணக்கில் அப்போது இன்னும் 1718 முடியவில்லை. அவர் நிறுவிய அச்சுக்கூடத்துக்கும் லண்டனுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. லண்டன் கிறிஸ்தவ அறிவு வளர்ப்புச் சங்கம் 1711இல் அனுப்பிய அச்சுப்பொறி, வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, மீட்கப்பட்டு வந்து சேர்ந்தது. கூட வந்த அச்சுக்காரர் யோனாஸ் ஃபிங்க் கடலிலேயே மாண்டார். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்து 1713இல் வந்தது. அது அளவில் பெரியது, தாளை விழுங்கியது. எழுத்து வார்ப்பதில் வல்ல ஆட்லர் பொறையாரில் சிறிய எழுத்தை வார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தகட்டை உருக்கியே வார்த்தார் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. 1714–15இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானது. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களை ஆங்கிலத்தில் அச்சிட்டு லண்டனில் விற்றவர் பார்த்தலோமியூ குளோஸில் இருந்த ஜோசப் டவுனிங். டெய்லரின் கப்பல் பலகையிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். குரூசோ விற்ற அதே சந்தையில்தான் தரங்கம்பாடியும் புத்தகமாக விற்றது.

மேத்யூஸின் வழக்கு விவரத்தை இன்று யாரும் படிக்கலாம். பவ்யர் பேரேடு இருக்கிறது, சங்கப் பதிவேடு இருக்கிறது. தரங்கம்பாடி அச்சுக்கூடத்தின் கடிதங்கள் ஹாலேயில் ஃபிராங்கே நிறுவன ஆவணக் காப்பகத்தில் பாதுகாப்பாக உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்கள் சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. உ.வே.சா. கையொப்பக்காரர்களிடம் பணம் திரட்டிச் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த 1887ஐ யாராவது ஒருவர் இப்படித் தனியாக எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு தமிழில் வந்த நூல்கள் எவை, என்ன விலை, யார் பணம் போட்டார்கள், எந்தக் கூடத்தில் யார் எழுத்துக் கோத்தார்கள், உரிமை யார் பெயரில் நின்றது என்று பார்க்கலாம். இந்த அவையில் இருக்கும் ஆய்வு மாணவர்கள் தலைப்புத் தேடி அலைய வேண்டாம். ஒரு ஆண்டைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். முன்னட்டையைப் பார்த்துவிட்டு, அச்சுக்கூடத்தின் பெயர் இருக்கும் பக்கத்தையும் மறக்காமல் புரட்டுங்கள்.